சல்லாத் துணிக்கு ஸ்லைடர் போதாது!

ஃபோட்டோஷாப் ஓரளவு தெரிந்த ஒருவரிடம் "மறுபக்கம் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய துணி செய்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கை நேராக ஒபாசிட்டி ஸ்லைடருக்குத்தான் போகும். நூறில் இருப்பதை ஐம்பதுக்கு இழுத்துவிட்டு, "அவ்வளவுதான், முடிந்தது" என்பார். முடிந்தது உண்மைதான். ஆனால் வந்திருப்பது துணி இல்லை. மிட்டாய் சுற்றி வருமே, அந்தக் கலர்க் கண்ணாடித் தாள்!

இது யாரோ பொழுதுபோக்காகச் செய்த படத்தில் உள்ள சின்னக் குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்தத் துணியைக் காசு கொடுத்து வாங்கி உடுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே என்கிறீர்களா? செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. பார்க்க விளையாட்டு போல இருக்கும், ஆனால் ஜெயிக்கவோ தோற்கவோ அங்கே ஒன்றும் கிடையாது. உள்ளே போனதும் உங்களுக்கு ஓர் உருவம் கிடைக்கும். அது போட்டுக்கொள்ளும் சட்டை, பாவாடை, துப்பட்டா எல்லாம் பெரும்பாலும் அங்கே உலவுகிற சாதாரண ஆட்களே செய்து விற்பவை. விற்பனை லிண்டன் டாலரில் நடக்கும். அதை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆகவே ஒரு மாணவர் வீட்டில் உட்கார்ந்து வரைந்த துணிக்கு உண்மையான விலை உண்டு. விலை உண்டு என்றால் தரம் பற்றிய கேள்வியும் உண்டு அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

துணி என்பது ஒரு படம்

செகண்ட் லைஃபின் பழைய முறை உடைகள் தைக்கப்படுவதில்லை. உடம்பின் மேல் ஒட்டப்படும் படங்கள் அவை. மேல் உடம்புக்கு ஒரு சதுரப் படம், கீழ் உடம்புக்கு ஒரு சதுரப் படம். எந்தப் பகுதி உடம்பின் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று காட்டும் அச்சுப் படங்களை லிண்டன் லேபே இலவசமாகக் கொடுத்தது. அதன் மேல் லேயர் லேயராக வரைந்து ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு படத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் இருப்பது தெரிந்ததுதான். நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் ஆல்ஃபா சேனல். அதற்கு நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், ஆக மொத்தம் 256 படிகள். வெள்ளை இருக்கும் இடத்தில் துணி முழுதாகத் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் துணியே இல்லை, சாம்பல் இருக்கும் இடத்தில் பாதி மறைவு. கழுத்து வெட்டு, கை நீளம், லேஸ் ஓட்டை எல்லாமே இந்த ஒரு சேனலின் வேலை.

இந்த யோசனை 1970களின் பிற்பகுதியில் பிறந்தது. நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலை பார்த்த ஆல்வி ரே ஸ்மித், எட் காட்முல் இருவரும் இதை உருவாக்கினார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் இரண்டு படங்களை ஒன்றன் மேல் ஒன்று வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமி 1996இல் இந்த நால்வருக்கும் தொழில்நுட்ப விருது அளித்துப் பாராட்டியது.

இந்த வரலாறு இங்கே எதற்கு என்றால், அந்தக் கணக்கில் ஆல்ஃபா என்பது, ஒரு புள்ளியின் பரப்பில் எத்தனை பங்கு மூடப்பட்டிருக்கிறது என்ற அளவு. இப்போது ஒரு சல்லாத் துணியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். நூல் மூடியிருக்கிறது, நூலுக்கு நடுவில் ஓட்டை திறந்திருக்கிறது. எத்தனை பங்கு நூல், எத்தனை பங்கு ஓட்டை என்பதுதான் அந்தத் துணியின் மெல்லிசு. அதாவது ஆல்ஃபா என்பதே துணியின் கணக்கு!

கண்ணாடியும் துணியும்

இங்கேதான் ஸ்லைடர்காரர்கள் தவறுகிறார்கள். கண்ணாடி வழியாக வெளிச்சம் எங்கும் ஒரே மாதிரி போகிறது. துணியில் நூல் வழியாகப் பெரிதாக ஒன்றும் போவதில்லை. பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் நடுவில் உள்ள ஓட்டை வழியாகத்தான் போகிறது. ஓட்டையின் அளவு ஒரே துணியிலேயே இடத்துக்கு இடம் மாறும். ஸ்லைடரோ துணி முழுவதற்கும் ஒரே எண்ணைத் தருகிறது.

மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம் மறைக்கும் துணி ஒன்று இருக்கிறது. அதை இரண்டாக மடித்தால் எவ்வளவு மறைக்கும்? 80 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் முதல் மடிப்பு 60 சதவீத வெளிச்சத்தை விடுகிறது, இரண்டாவது மடிப்பு அதிலும் 60 சதவீதத்தைத்தான் விடுகிறது. ஆக உள்ளே போவது 36, மறைவது 64. மூன்று மடிப்பு என்றால் ஏறக்குறைய 78. புடவைக் கொசுவம் ஏன் உடம்புப் பகுதியை விட அடர்த்தியாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே ஓரம் மடித்துத் தைத்த இடத்திலும், தையல் விழும் இடத்திலும், சுருக்கம் வைத்த இடுப்பிலும் ஆல்ஃபாவை வெளுப்பாக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே கண்ணாடித் தாள் பாதி துணியாகிவிடும்.

அடுத்தது சாய்வு. வலைத்துணியை நேராகப் பார்த்தால் ஓட்டை முழுசாகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் ஓட்டை ஒடுங்கி, நூல்கள் நெருங்கிவிடும். அதனால்தான் மெல்லிய துணி உடம்பின் நடுவில் லேசாகவும், பக்கவாட்டில் வளைந்து திரும்பும் இடத்தில் அடர்த்தியாகவும் தெரிகிறது. விலாப் பக்கத்திலும் கையின் ஓரத்திலும் மெதுவாகச் சாம்பலிலிருந்து வெள்ளைக்குப் போகும் ஒரு பட்டை போட்டால் போதும்.

மூன்றாவது இழுவை. முழங்கை மடங்கும் இடத்தில் துணி இழுபட்டால் நூல் விலகும், ஓட்டை பெரிதாகும். அங்கே ஆல்ஃபாவைக் கொஞ்சம் கருமையாக்க வேண்டும்.

துணிக்குத் துணி இது மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆர்கன்ஸா விறைப்பாக நிற்கும், ஏனென்றால் பட்டு நூலில் இயற்கையாக உள்ள பசையை நீக்காமலே நெய்வார்கள். அதன் மடிப்புகள் கூர்மையாக விழும். ஷிஃபான் நூல் நன்றாக முறுக்கியது. குழைந்து விழும், மடிப்புகள் உருண்டையாக இருக்கும். ராஜஸ்தானின் கோட்டா டோரியா சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்தது. கட்டத்தின் கோடு அடர்த்தி, உள்பக்கம் மெல்லிசு. மூன்றுக்கும் ஒரே 50 போட்டால் மூன்றும் ஒரே பிளாஸ்டிக்தான்.

செய்முறை என்ன?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. வழியும் சொல்ல வேண்டும்.

லேஸ் வேண்டுமா? ஒரு வெள்ளை லேஸ் துண்டை ஸ்கேனரில் வைத்து, மேலே கறுப்புத் தாளை மூடி ஸ்கேன் செய்யுங்கள். வண்ணத்தை நீக்கிச் சாம்பல் படமாக்குங்கள். நூல் வெள்ளை, ஓட்டை கறுப்பு. கவனித்தீர்களா? அந்தப் படமே ஆல்ஃபா சேனல்தான்! அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நிறத்தைத் தனியாக, உங்கள் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம்.

அதைத் திரும்பத் திரும்ப அடுக்கும்போது ஓரத்தில் கோடு தெரியும். ஆஃப்செட் என்ற வசதியால் படத்தைப் பாதி தூரம் நகர்த்துங்கள். 512 புள்ளி அகலம் என்றால் 256. ஓரம் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் தெரியும் ஒட்டைச் சரிசெய்தால் அடுக்கும்போது தெரியாது.

பிறகு எல்லோரையும் அழ வைக்கும் அந்த வெள்ளைக் கோடு. கறுப்பு லேஸ் செய்து ஏற்றினால் ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியும். காரணம் எளிது. ஓட்டைப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு நிறம் இருக்கிறது, பெரும்பாலும் வெள்ளை. படத்தைச் சிறிதாக்கிக் காட்டும்போது அந்த வெள்ளை பக்கத்துப் புள்ளிகளில் கசிகிறது. மருந்தும் எளிது: கீழே ஒரு லேயர் போட்டு முழுவதையும் துணியின் நிறத்தாலேயே நிரப்பிவிடுங்கள். வடிவத்தை ஆல்ஃபா மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு 32 பிட் டிஜிஏ கோப்பாகச் சேமியுங்கள். கிம்ப்பில் பிஎன்ஜியாகச் சேமிப்பவர்கள், மறைந்த புள்ளிகளின் நிறத்தையும் காப்பாற்றும் தேர்வை மறக்காமல் டிக் செய்ய வேண்டும்.

செகண்ட் லைஃபில் ஒரு படத்தை ஏற்ற நெடுங்காலம் 10 லிண்டன் டாலர் கட்டணம். அமெரிக்கக் காசில் ஏறக்குறைய 4 சென்ட். சின்னத் தொகைதான், ஆனால் ஒரே சட்டைக்கு இருபது தடவை ஏற்றிப் பார்த்தால்? திரையில் முதலில் சரியாகப் பார்த்துவிட்டு ஏற்றுகிறவருக்கே லாபம். ஏற்றாமலே போட்டுப் பார்க்கும் வசதி பின்னாளில்தான் வந்தது.

எதிர்வாதங்கள்

"திரையில் இவ்வளவு நுணுக்கமாக யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உடம்பின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே சதுரப் படத்துக்குள் அடங்க வேண்டும். அதில் தனித்தனி நூலை வரையவே முடியாது. வரைந்தாலும் தூரத்திலிருந்து மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். அந்த அளவில் பரந்து கிடக்கும் சமதளப் பகுதிக்கு ஒரே சாம்பல் போடுவது சரிதான். ஆனால் மடிப்பும் ஓரமும் தையலும் நூல் அளவு சின்னவை அல்ல. அவை பத்தடி தூரத்திலும் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. "என்னமோ பொம்மை மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

"இதெல்லாம் பழங்கதை, இப்போது மெஷ் உடைகள் வந்துவிட்டன" என்பது இன்னொரு வாதம். மெஷ் 2011இல் வந்தது. உடை இப்போது உண்மையான வடிவத்தோடு இருக்கிறது. ஆனால் அதன் மேல் போர்த்துவதும் ஒரு படம்தானே? சொல்லப்போனால் சிக்கல் கூடியிருக்கிறது. பாதி மறைக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றன் பின் ஒன்று வந்தால் எது முன்னே, எது பின்னே என்று கணினி குழம்பிவிடும். மெல்லிய பாவாடைக்குப் பின்னால் தலைமுடி காணாமல் போகும். உடம்போடு ஒட்டும் பழைய படத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2019இல் அதே பழைய படங்களை மெஷ் உடம்பிலும் போடும் வசதி வந்தபோது, ஆல்ஃபா வரையத் தெரிந்தவர்களின் கை மறுபடியும் ஓங்கியது.

"ரெடிமேடாக லேஸ் படங்கள் கிடைக்கின்றனவே, ஏன் மெனக்கெட வேண்டும்?" கிடைக்கின்றன. இன்றைக்குக் கணினியிடம் கேட்டாலே வரைந்தும் தரும். ஆனால் அந்த லேஸுக்கு உங்கள் சட்டையில் மடிப்பு எங்கே விழும் என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இன்னொருவர் உழைப்பை எடுக்கும்போது உரிமம் பார்ப்பதும் முக்கியம். 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் அடுத்தவர் பொருட்களை நகலெடுக்கத் தொடங்கியபோது செகண்ட் லைஃப் கடைக்காரர்கள் பலர் கடையை மூடிப் போராடினார்கள். நியாயமான கோபம். அதே கோபத்தோடு, தன் கணினியில் உள்ள ஃபோட்டோஷாப் காசு கொடுத்து வாங்கியதா என்றும் ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே சொன்ன ஒவ்வொரு வேலையையும் இலவச கிம்ப்பில் செய்யலாம். அதை 1995இல் தொடங்கியவர்களும் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள்தான்!

கடைசியாக ஒன்று

கணினி வகுப்புகளில் பல இடங்களில் மெனு வரிசைதான் பாடம். இதைச் சொடுக்கு, அதை 50 ஆக்கு, ஓகே கொடு. அடுத்த பதிப்பில் மெனு இடம் மாறினால் படித்தவர் திண்டாடிப் போவார். துணியைப் பார்த்துப் படித்தவருக்கு அந்தப் பயம் இல்லை. மடித்தால் 64 என்ற கணக்கு எந்த மென்பொருளிலும் 64தான்.

ஆகவே அடுத்த முறை சல்லாத் துணி செய்ய உட்காருமுன், வீட்டில் உள்ள ஒரு வாயில் புடவையையோ துப்பட்டாவையோ எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றாக, இரண்டாக, மூன்றாக மடித்துப் பாருங்கள். சாய்த்துப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். பார்த்ததைச் சாம்பல் நிறத்தில் வரையுங்கள். ஸ்லைடர் எங்கேயும் ஓடிப்போகாது, அது அங்கேயே இருக்கட்டும்!