சங்கர் நகருக்கு ஒரு தகுதிச்சுற்று வரட்டும்

2019 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த டி20 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூர் ஸ்காட்லாந்தை 2 ரன்னில் சாய்த்தது. அந்த சிங்கப்பூர் அணியில் செல்லத்துரை விஜயகுமாரும் சுரேந்திரன் சந்திரமோகனும் இருந்தார்கள். நம் பக்கத்துப் பெயர்கள்! கூட ஆடிய டிம் டேவிட் பிறகு ஐபிஎல்லுக்கும் ஆஸ்திரேலிய அணிக்கும் போய்விட்டதால் அவரை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் பையன்களிடம் இந்தியா ஆடும் ஆட்டங்களைவிட இந்தத் தகுதிச்சுற்றுகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். அவர்களுக்குப் பழகிய கிரிக்கெட் அதுதான். பிசான அறுவடை முடிந்ததும் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் வயலில் தாளைச் செதுக்கி, பிட்ச் போட்டு, டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் நடத்துவார்கள். ஒரு ஆட்டம் தோற்றால் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தகுதிச்சுற்றிலும் அதே நெருக்கடி. 2025 ஜூலையில், ஐரோப்பியத் தகுதிச்சுற்றின் கடைசி நாளில், இத்தாலி நெதர்லாந்திடம் 9 விக்கெட்டில் தோற்றது. ஆனாலும் எதிரணியைச் சீக்கிரம் முடிக்கவிடாமல் இழுத்துப் பிடித்ததால், நெட் ரன் ரேட்டில் ஜெர்சியைத் தாண்டி முதன்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. தோற்கிற ஆட்டத்திலும் ஒரு ரன்னை விடாதே என்று தொண்டை வறளக் கத்துகிறேனே, அது இதற்காகத்தான்.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் வருமானத்தில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம். தகுதிச்சுற்றுகளில் ஆடும் இந்த அணிகளைப் போன்ற துணை உறுப்பு நாடுகள் 90-க்கும் மேல்; அத்தனை பேருக்கும் சேர்த்து 11 சதவீதம் சொச்சம். இது நியாயமில்லை. பணத்தைப் பிரித்துத் தர மனமில்லை என்றால் மைதானத்தையாவது தரலாம். ஆப்கானிஸ்தானுக்கு டேராடூனையும் லக்னோவையும் தந்தவர்கள்தானே நாம்?

தாழையூத்து சங்கர் நகரில் சிமெண்ட் ஆலை மைதானம் இருக்கிறது. விளக்கு வசதி உண்டு. 2016-லிருந்து தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் நடக்கின்றன. 2023 இறுதிப்போட்டியே இங்கேதான் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் பலமாகத் தோற்றது, பார்த்த எனக்கு மனம் ஆறவில்லை.

யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். 2023 நவம்பரில் நேபாளத்தின் கீர்த்திப்பூரில் ஆசியத் தகுதிச்சுற்று இறுதியாட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் ஓமன் வென்றது. அங்கே பெரிய நட்சத்திரம் யாரும் ஆடவில்லை, ஆனாலும் கூட்டம் கூடியது. இங்கேயும் கூடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லாமல் வாசலைத் திறந்துவிட்டால் போதும்.

டிஎன்பிஎல் முடிகிற ஜூலையில் பிட்ச் தயாராகவே இருக்கும். அடுத்த ஆசியத் தகுதிச்சுற்றின் சில ஆட்டங்களையாவது சங்கர் நகருக்குத் தாருங்கள் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் வந்து இறங்கட்டும். எல்லைக்கோட்டில் பந்து எடுத்துக் கொடுக்க என் பள்ளியிலிருந்து பையன்களை அனுப்புகிறேன்.