பேரை மாத்தச் சொன்னா ஏன் கோபம் வருது?

ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு அது மூணாவது பேர்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும் மக்களே?

2002ல் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். கணினிக்கு பயாஸ் செய்து தரும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் வணிகக்குறிப் புகார் கிளப்ப, 2003ல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு திறமூல டேட்டாபேஸ் இருந்துச்சு. அவங்க கொதிச்சுட்டாங்க. 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ். (அது சிவப்பு பாண்டாவோட இன்னொரு பெயராம். லோகோவைப் பார்த்தா எனக்கு நரியாத்தான் தெரியுது.)

இப்படிச் செய்தி வந்தாலே "பெரிய கம்பெனி சின்னவனை மிரட்டுது"ன்னு கொந்தளிக்கிறோம். சில நேரம் உண்மைதான். ஆனா ஸ்கைடிரைவ் வழக்கைப் பாருங்க. 2013ல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஸ்கை டிவி நிறுவனத்திடம் தோற்றது மைக்ரோசாஃப்ட். ஸ்கைடிரைவில் சிக்கல் வந்த மக்கள், ஸ்கை டிவியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டிருக்காங்க! குழம்பினது வக்கீல் இல்லை, சாதாரண ஜனம். அடுத்த வருஷமே அது ஒன்டிரைவ்.

மென்பொருள்ல குழம்பினா ஒரு போன் காலோட போச்சு. மருந்துல?

ஃபால்சிகோ, ஃபால்சிடாப். ரெண்டுமே மலேரியா மருந்து. ஒன்றில் ஆர்டிசுனேட், இன்னொன்றில் மெஃப்ளோகுயின். இந்த வழக்கில்தான் 2001ல் நம்ம உச்ச நீதிமன்றம், மருந்துப் பெயர்னா மற்ற பொருட்களை விடக் கடுமையாப் பார்க்கணும்னு சொன்னது.

அமெரிக்காவில் அல்சர் மருந்தான லோசெக், நீர் பிரியும் மாத்திரை லாசிக்ஸோடு குழம்புதுன்னு 1990ல் பிரிலோசெக் ஆனது. விற்பனையில் இருந்த மருந்துக்கே பேரை மாத்தினாங்க.

இங்கே? 2019ல் ஒரு விதி வந்தது. புது பிராண்ட் பெயர் ஏற்கனவே உள்ள எதையும் போல இல்லைன்னு கம்பெனி உறுதிமொழி தரணும். தேடுறதும் கம்பெனி, கையெழுத்துப் போடுறதும் கம்பெனி. இது போதாது என்பது என் கருத்து. எழுதினா எப்படித் தெரியும், வாய்ல சொன்னா எப்படிக் கேட்கும்னு கம்பெனிக்கு வெளியே ஒருத்தர் பார்த்து அனுமதிக்கணும்.

அதுவரைக்கும் நீங்க கடையில பேரைச் சொல்லிக் கேட்காதீங்க. சீட்டையோ பழைய அட்டையையோ காட்டுங்க. பிராண்டோட சேர்த்து அச்சிட்டிருக்கிற மருந்துப் பெயரையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க.