ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டுக்கு யார் பொறுப்பு?

ஐ.டி. நிறுவனங்களில் ஒருவர் ராஜினாமா கொடுத்த பிறகுதான் அவர் இத்தனை நாள் என்ன வேலை பார்த்தார் என்ற கேள்வியே எழுகிறது. “கே.டி. முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க” என்பார் மேலாளர், அதாவது தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது. நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றாலும் கடைசி வாரத்தில்தான் அது நடக்கும். போகிறவர் திரையைப் பகிர்ந்து, “இது ராத்திரி ஓடும், இதைத் தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்கிறவர் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார். அந்தப் பதிவைப் பிற்பாடு திறந்து பார்த்தவரை நான் சந்தித்ததில்லை.

ராத்திரி ஓடுகிறதே, அதுதான் இங்கே விஷயம். பழைய லாகுகளை அழிக்கும், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை நகர்த்தும், காலையில் அறிக்கை அனுப்பும் இருபது முப்பது வரி ஸ்கிரிப்ட். யாரும் கேட்டு எழுதப்பட்டதல்ல. ஒரே வேலையைத் தினமும் கையால் செய்து சலித்துப்போன ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் போட்டுவிட்டது. முதல் வரியில் ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அது எழுதப்பட்டுச் சில வருடம் ஆகியிருக்கும். திட்ட அட்டவணையில் அதற்கு இடமில்லை, வாடிக்கையாளருக்குப் போகும் பில்லிலும் இல்லை. ஆனால் அது ஒருநாள் ஓடாவிட்டால் ஆறு பேர் தொலைபேசியில் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் ஆவணம் எழுதாதது பொறியாளர்களின் சோம்பல் என்று சொல்வது வழக்கம். நான் ஏற்கவில்லை. மூடிய டிக்கெட்டுகளைத்தான் அப்ரைசலில் எண்ணுகிறார்கள். எழுதிய பக்கங்களை யாரும் எண்ணுவதில்லை. கணக்கில் வராத வேலையை நல்ல மனசுக்காகச் செய் என்றால் எத்தனை நாள் செய்வார்கள்?

ஓர் ஆவணத்தில் ஒரு வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்கலாம். முதன்மை டேட்டாபேஸை இன்னொரு சர்வரில் நகலெடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். நகலெடுக்கும் கருவிக்குக் கட்டளையைக் கொடுத்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கருவி சத்தமில்லாமல் காத்திருக்கும். அதன் இயல்பே அதுதான். இது நிறுவனத்தின் ரன்புக் எனப்படும் செய்முறைக் குறிப்பிலும் தெளிவாக இல்லை, அந்தக் கருவியின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை. நகல் சர்வரில் பழைய கோப்புகள் கிடப்பதால்தான் சிக்கல் என்று நினைத்த பொறியாளர் அவற்றை அழித்தார். ஆனால் அவர் நின்றிருந்தது முதன்மை சர்வரில். உடனே சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 மட்டுமே.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், தினசரி பேக்கப் ஸ்கிரிப்ட் தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஸ்கிரிப்ட் அழைத்ததோ 9.2 பதிப்பின் கருவியை. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. இத்தனையையும் அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. நம் ஊரில் இப்படி ஓர் அறிக்கை வெளியே வருமா என்பது வேறு கதை.

விட்டுப்போகக் கூடாத வரிகளை எழுதிவைத்ததற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. எழுதியவர்கள் அந்த அமைப்பை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும்தான். எழுதியே ஆக வேண்டும் என்று நின்றவர் அவர்களது மேலாளர் டக் மெக்கில்ராய். அந்தக் கையேட்டில் இரண்டு தலைப்புகள் என்னை எப்போதும் ஈர்ப்பவை: ஒன்று ‘பிழைகள்’, இன்னொன்று ‘உரிமையாளர்’. இந்தக் கட்டளை எங்கே சொதப்பும், சொதப்பினால் யாரைக் கேட்க வேண்டும் என்று செய்தவர்களே கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். நம் ரன்புக்குகளில் நோக்கம், வரையறை, திருத்த வரலாறு என்று மூன்று பக்கம் அட்டவணை இருக்கும். இந்த இரண்டும் இருக்காது.

மொழியும் ஒரு தடைதான். டீக்கடையில் நின்றபடி ஒரு சிக்கலைத் தமிழில் அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் இளைஞர், அதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் யார் எதைச் செய்தார் என்பதே தெரியாத வாக்கியங்களில் ஒளிந்துகொள்கிறார். பொறியியல் முதலாண்டு ஆங்கிலத் தாளில் செய்முறைக் குறிப்பு எழுதுவது பாடமாகவே உண்டு. அது தேர்வோடு சரி. அதே மாணவர் லேபில் எழுதும் புரோகிராமுக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொண்டுவா என்று கேட்பார் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஸ்கிரிப்டைக் கொடுத்தால் வரிக்கு வரி விளக்கம் எழுதித் தருகிறது என்கிறார்கள். தரும். என்ன செய்கிறது என்று சொல்லும். ஏன் 2 மணிக்கு ஓட வேண்டும், 3 மணிக்கு ஓடினால் எந்த வங்கியின் கோப்போடு மோதும் என்பது அந்த வரிகளில் இல்லையே.

ரன்புக் இருந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. அன்று பொறியாளர் எழுதிவைத்த நடைமுறைப்படிதான் போனார். கட்டளையில் ஒரு மதிப்பு தவறாக விழ, எடுக்க நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுவிட்டன. அதன்பின் அமேசான் செய்தது கவனிக்கத்தக்கது. ‘கவனமாக இருக்கவும்’ என்று ரன்புக்கில் ஒரு வரி சேர்ப்பதோடு நிற்கவில்லை. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாதபடி கருவியையே மாற்றியது. ஸ்கிரிப்டே மறுக்கக்கூடிய தவறை மனிதரின் கவனத்துக்கு விட்டுவைப்பது எழுத்து அல்ல, தட்டிக்கழிப்பு.

நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் ரன்புக்கைக் கொடுத்து, டெஸ்ட் சர்வரில் அதை ஓட்டச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. புதியவர் எங்கெல்லாம் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு டைம்ஷீட்டில் என்ன குறியீடு போடுவது என்று மேலாளர் கேட்பார். ஸ்கிரிப்ட் யாருடைய சர்வரில் ஓடுகிறதோ, அந்த வாடிக்கையாளரின் குறியீட்டையே போடலாம்.