இசைத்தட்டும் ஏழையின் ஏடுதான்!

பழைய இசைத்தட்டைத் தேடி அலைவது பணம் படைத்தோர் பொழுதுபோக்கு, பாட்டாளிக்கு அதில் என்ன வேலை என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பேசட்டும்! நாம் சொல்கிறோம்: அது பொழுதுபோக்கன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றுக்குத் தேடிக்கொள்ளும் உரிமைப் பத்திரம்!

அமெரிக்காவிலே, நியூயார்க் நகரிலே, பிராங்ஸ் என்றொரு பகுதி. நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிந்தன. வேலை போயிற்று. அடுக்ககங்கள் பல தீக்கிரையாயின. அந்தப் பிராங்சில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு விருந்து. பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்பெல் என்ற பெண் நடத்தியது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடிவந்த கூல் ஹெர்க். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளைக் கொண்டு நீட்டினார். அதுவே ஹிப்-ஹாப் இசையின் கால்கோள் எனப் போற்றப்படுகிறது.

அன்று அதை எந்தப் பெரிய ஏடு எழுதிற்று? கையால் எழுதிய அழைப்புச் சீட்டும், தேய்ந்த இசைத்தட்டுமே சாட்சி! டேவிட் டூப்பின் 'ராப் அட்டாக்' என்ற நூல் வந்ததே 1984இல்தான்.

இனி சிகாகோவைப் பாருங்கள். 1977இல் 'வேர்ஹவுஸ்' என்ற ஆடலரங்கில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றத் தொடங்கினார். நிறத்தாலும் பால் ஈர்ப்பாலும் ஒதுக்கப்பட்ட இளைஞர் அங்கே தலைநிமிர்ந்து ஆடினர். ஹவுஸ் இசைக்குப் பெயர் தந்தது அந்த அரங்கே.

அதே நகரிலே 1979 ஜூலை 12 அன்று நடந்தது என்ன? டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்குப் பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம் என்றனர். குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவிலே வெடிவைத்துத் தகர்த்தனர்! அங்கே இருக்கை காட்டும் ஊழியராக நின்ற கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், வந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள் என்று பின்னாளில் சொன்னார். அழிந்ததா இசை? 1984இல் அதே லாரன்சும் ஜெஸ்ஸி சாண்டர்சும் சேர்ந்து முதல் ஹவுஸ் இசைத்தட்டுகளுள் ஒன்றை வெளியிட்டனர்!

வெடித்தவர்கள் தோற்றனர். திரட்டியவர்கள் வென்றனர். 2014இல் மறைந்த நக்கிள்சின் இசைத்தட்டுகள், சிகாகோவில் பழைய வங்கிக் கட்டடமொன்றில் 2015இல் திறந்த கலைக்கூடத்திலே இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் ஹிப்-ஹாப் தொகுப்பு இருக்கிறது. ஒருநாள் தெருவிலே கொடுத்த துண்டறிக்கை இன்று ஆய்வாளர் கையில் ஆவணம்!

ஆனால் ஒன்று. வாங்கிப் பூட்டி வைத்து விலையேறக் காத்திருப்பவரை நாம் போற்றவில்லை. 2022இல் ஹெர்க்கின் பொருள்கள் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்துக்கு வந்தன. 25 சென்ட் கொடுத்து ஆடியவரின் பிள்ளைகள் அங்கே விலை கேட்க முடியுமா? பாட்டாளியின் படைப்பு பொதுநூலகத்தில் இருக்க வேண்டும், படைத்தவர் பெயரோடு இருக்க வேண்டும். அதுவே நம் கோரிக்கை.

கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா திரட்டிய தமிழ் நூல்களை, அவர் மறைவுக்குப் பின் வாங்கியது அதே சிகாகோ நகரின் பல்கலைக்கழகம். அத்தொகுப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. திரட்டியவர் செல்வச் சீமானல்லர், உழைப்பாளி!

தோழர்களே, உங்கள் பரணிலே பழைய மாநாட்டு மலர் இருக்கிறதா? வேலைநிறுத்தத் துண்டறிக்கை இருக்கிறதா? எடைக்குப் போடாதீர். 'இவர்களுக்கு ஏது வரலாறு?' என்று நாளை ஒருவர் கேட்பார். எடுத்துக் காட்ட ஏடு வேண்டும்!