டிராமில் செல்லாத காசு

காசு எண்ணுவதே பிழைப்பாகிப் போனதாலோ என்னவோ, எங்காவது புரட்சி என்று படித்தால், "சரி, அங்கே சில்லறை என்ன ஆச்சு?" என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். ஹாங்காங் கதையில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது.

1911 நவம்பரில் பக்கத்து மாகாணமான குவாங்துங், மஞ்சு அரசு வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ஹாங்காங் சீனர்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் கவர்னர் லுகார்டுக்குக் கிலி. துருப்புகள் தெருவில் நடந்தன, கலகக்காரர்களுக்குக் கசையடி கொடுக்க அவசரச் சட்டம் வந்தது. அடுத்து வந்த கவர்னர் மே, 1912 ஜூலை 4 அன்று ஊரில் கால் வைத்த கையோடு அவர் மீது துப்பாக்கிச் சூடு. குண்டு மனைவியின் பல்லக்கில் பாய்ந்தது, ஆள் தப்பினார்கள். அதன்பிறகு மனிதர் எதைப் பார்த்தாலும் சதி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது காசுக்கு வருவோம். கான்டன் நாணயச்சாலையின் 10, 20 சென்ட் வெள்ளிக் காசுகள் ஹாங்காங்கில் தாராளமாகப் புழங்கின. அளவுக்கு மீறி அடித்ததால் டாலருக்கு எதிரே அவற்றுக்கு வட்டம் விழுந்தது. டிராம் கம்பெனியோ முகமதிப்புக்கே வாங்கிக்கொண்டிருந்தது. தினசரி வசூலில் நஷ்டம். கவர்னர் மே கொடுத்த ஊக்கத்தில், 1912 நவம்பரில் டிராமும் ஸ்டார் ஃபெரி படகும் இனி சீனக் காசு வாங்க மாட்டோம் என்றன.

கணக்குப்படி சரிதான். நானும் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள்தான், அந்த வலி தெரியும். ஆனால் கவுண்டருக்கு வெளியே நிற்பவன் யார்? கூலியை அந்தக் காசில் வாங்கியவன். அவனுடைய குடியரசுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. "உன் காசு செல்லாது" என்றால் "உன் நாடு செல்லாது" என்றுதான் அவன் காதில் விழும்.

நம்ம ஊர் பத்து ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொன்னது. சொன்னபிறகும் வாங்க மறுத்த டீக்கடைகளை நானே பார்த்திருக்கிறேன். அங்கே செல்லும் என்ற உத்தரவுக்கே மரியாதை இல்லை :-) செல்லாது என்ற உத்தரவுக்கு எப்படி இருக்கும்?

சீனர்கள் டிராமில் ஏறவில்லை. வண்டிகள் காலியாக ஓடின. ஏறியவர்களை மிரட்டினார்கள் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். அதற்கு மே கொண்டுவந்த மருந்துதான் விசேஷம். 1912 டிசம்பரில் புறக்கணிப்புத் தடுப்புச் சட்டம். புறக்கணிப்பு நடக்கும் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கிருப்பவர்களிடம் தனி வரி வசூலித்துக் கம்பெனியின் நஷ்டத்தை ஈடுகட்டலாம். அதாவது டிராமில் ஏறாதவனுக்கும் டிக்கெட்! மிரட்டியவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. தெருவுக்கே அபராதம் போடுவது, ஒரு கடன்காரன் கட்டவில்லை என்பதற்காகக் கிளையில் உள்ள எல்லார் கணக்கிலும் கைவைப்பது மாதிரி. முதலில் திறந்திருக்க வேண்டியது காசு மாற்றும் கவுண்டர்கள்தான் என்பது என் கட்சி.

1913 தொடக்கத்தில் புறக்கணிப்பு அடங்கியது. அதே வருடம் அந்நிய நோட்டுகளையும் வெள்ளி, நிக்கல் காசுகளையும் புழக்கத்திலிருந்து விலக்கச் சட்டங்கள் வந்தன. கம்பெனி பேரேடு சுத்தமாகியிருக்கும். கூலிக்காரன் கையில் மிஞ்சிய காசின் வட்டத்தை யார் தலையில் எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.