இரண்டு ஆட்டக்காரன்

மொறப்பாக்கம் எம்.ஜே. கோபாலனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம்ம அரூர் பக்கத்து மொரப்பூர் இல்லை சார், செங்கல்பட்டுப் பக்கம். 1909-இல் பிறந்தவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட். அதே வருஷம் நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்டதும் இவர்தான். 1935-இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து போன ஹாக்கி அணியிலும் இருந்தார்.

வந்தது 1936. ஒரே கோடையில் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கு, கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டோடு போனார். அங்கே நடந்த மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை! பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. கல்கத்தாவில் ஆடினாரே, அந்த ஒரு டெஸ்டோடு சரி.

"ச்சே, தங்கத்தைக் கோட்டை விட்டுட்டாரே"ன்னு எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு அதில் சம்மதமில்லை. 1928, 1932 இரண்டிலும் தங்கம் வாங்கிய அணி அது. இது தெரியாதவரா அவர்? தப்பு ஆள்மேல் இல்லை, இரண்டு பயணத்தையும் ஒரே நேரத்தில் வைத்த காலண்டர்மேல். அதே கிரிக்கெட் பயணத்தில் சென்னை கோட்டா ராமசாமியும் இருந்தார். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர், 40 வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ரன் எடுத்தார். அவரை யாரும் "ஒண்ணைப் பிடி"ன்னு மடக்கியிருந்தால் அந்த நூறு ரன் ஏது?

நம்ம கதைக்கு வருவோம். எங்க சித்தேரி மலையில் கபடி ஆடுறவன்தான் வாலிபாலும் ஆடுவான். ஊரில் இருப்பதே அத்தனை பசங்கதான். அவன் டிப்ளமோ சேர்ந்ததும் முதலில் கேட்கிற வார்த்தை, "ஏதாவது ஒரு டீம்தான்". இரண்டு செலக்ஷனும் ஒரே சாயங்காலம். மேட்ச் அன்றைக்கே ஒர்க்‌ஷாப் பிராக்டிகல். போனால் ரெக்கார்டில் மார்க் போச்சு, போகாவிட்டால் டீமில் இடம் போச்சு. இந்த வருஷம் நானே வாலிபாலை விட்டேன். என்னோடு மலையிலிருந்து வந்தவன் இரண்டையும் விட்டுட்டான். அதுதான் வயிற்றெரிச்சல்.

யூனியன் தோழர்களுக்கு ஒரே கோரிக்கை. அடுத்த மனுவில் கேன்டீன் டீக்கு முன்னால் இதை எழுதுங்க: செலக்ஷன் வேறு வேறு நாளில், மேட்ச் போனவனுக்கு பிராக்டிகல் மறுநாள். முதல் கையெழுத்து நான் போடுறேன்.