மூணு மருந்து கலந்த ட்யூபும் எங்க ஊர் அரிப்பும்

போன மாசம் ஒரு கல்யாணத்துல, சென்னையிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருத்தர் பந்தியில என் பக்கத்துல உட்கார்ந்தார். என் முழங்கையில இருந்த பழைய தழும்பைப் பார்த்துட்டு, "படர்தாமரையா மாமா? சேத்துல வேலை பார்த்துட்டு வந்ததும் நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சா இதெல்லாம் வராது" என்றார். நான் தினமும் ரெண்டு வேளை போர்செட்டுல குளிக்கிறவன். கோபம் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அந்தக் கோபத்தைத்தான் இங்க எழுதறேன்.

எனக்கு வந்த கதை இது. போன வருஷம் குறுவை நடவு சமயம். நாள் முழுக்க ஈர வேட்டி. இடுப்புல அரைஞாண் கயிறு உரசுற இடத்துல ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பா ஒரு வட்டம். மருந்துக்கடையில காட்டினேன். கடைத் தம்பி ஒரு வார்த்தை கேட்கலை. ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார். ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு. அடடா, நல்ல மருந்துன்னு நிறுத்தினேன். ஒரு வாரத்துல வட்டம் ரெண்டாச்சு. மறுபடி ட்யூப். இப்படியே ஏழு மாசம், பதினொரு ட்யூப். இடுப்பு, தொடை, கை, அப்புறம் என் மனைவி, கடைசியா மூணு வயசுப் பேரன். பேரன் ராத்திரி தூங்காம சொறிஞ்சு அழுதப்பதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

டாக்டரம்மா முதல்ல கேட்டது, "என்ன கிரீம் போட்டீங்க?" ட்யூபைக் கொடுத்தேன். அதிலிருந்த பொடி எழுத்தைப் படிச்சுக் காட்டினாங்க. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, மூணாவது க்ளோபெடசால். ஸ்டீராய்டு கிரீம்கள்லயே வீரியம் மிக அதிகமான வகை அது.

விவசாயிக்குப் புரியற மாதிரி சொல்றேன். நெல்லுல புகையான் விழுந்தா சிலர் சிந்தெடிக் பைரித்ராய்டு மருந்தை அடிப்பாங்க. புகையானைத் தின்னுற சிலந்தி செத்துப்போகும். புகையான் முன்னைவிடப் பெருகும். ஸ்டீராய்டும் பூஞ்சை விஷயத்துல அப்படித்தான். பூஞ்சையை எதிர்த்து உடம்பு காட்டுற சண்டைதான் அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடுது. நமக்கு சொகமா இருக்கு, பூஞ்சைக்கு அதைவிட சொகமா இருக்கு. வட்டத்தோட ஓரம்கூட அழிஞ்சு போறதால, பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாமப் போகலாம்.

என் தொடையில இப்ப வரி வரியா வெடிச்ச கோடுகள் இருக்கு. தோல் மெலிஞ்சு வந்தது. அது மறையாதுன்னு சொல்லிட்டாங்க.

பரிசோதனை என்னவோ ரொம்பச் சின்னது. வட்டத்தோட ஓரத்துல தோலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டுல வெச்சு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. பூஞ்சை இழை தெரிஞ்சுது. அதுக்குப் பிறகு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும், எனக்கு மட்டும் மாத்திரையும். வீட்டுல மூணு பேருக்கும் ஒரே சமயத்துல வைத்தியம். துணியைத் தனியா வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடணும். அரிப்பு நின்னாலும் டாக்டர் சொல்ற நாள்வரை நிறுத்தக்கூடாது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்துன்னு நான் சொல்லலை. கரப்பான் மாதிரி நோய்களுக்கு டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கிறது அதுதான். பூஞ்சை மேல அதைப் பூசுறதுதான் தப்பு.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2018-லயே பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு கட்டாயமான பட்டியல்ல மத்திய அரசு சேர்த்தாச்சு. ட்யூப்லயே அந்த எச்சரிக்கை அச்சடிச்சிருக்கு. ஆனா எங்க ஊர்ல அதை வாங்குறது பீடிக்கட்டு வாங்குற மாதிரி. கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? இந்த மூணையும் ஒரே ட்யூப்ல கலந்து விற்கலாம்னு அனுமதி கொடுத்தவங்களை யார் கேட்கிறது?

இதுக்குள்ள பூஞ்சையும் மாறிக்கிட்டு வருது. டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல பேர்கிட்ட அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பேர் வெச்சாங்க: ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே. பேர்லயே நம்ம நாடு இருக்கு. அது பெருகினதுக்கு இந்தக் கலவை ட்யூப்களும் ஒரு காரணமா இருக்கும்னு தோல் டாக்டர்கள் சந்தேகப்படறாங்க. இது சோப்பு போடாததால வந்த வினை இல்லைங்க.

பந்தி முடிஞ்சு கை கழுவப் போனப்ப அந்த உறவுக்காரர் மெதுவா என் காதுல சொன்னார்: "ஜிம் போக ஆரம்பிச்சதிலிருந்து எனக்கும் இடுப்புல இருக்கு மாமா. ஆனா நல்ல கிரீம் ஒண்ணு போடறேன்." போன்ல படம் காட்டினார். அதே ட்யூப்.

அவர்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். வீட்டுல இருக்கிற ட்யூபை எடுத்துப் படிங்க. க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன்னு ஏதாவது இருந்தா, அதை வாங்கச் சொன்னது டாக்டரா, கடையான்னு நினைச்சுப் பாருங்க. கடைன்னா, நாளைக்கே தோல் டாக்டரைப் பாருங்க. ரொம்ப நாளா போட்டிருந்தா எப்படி நிறுத்தணும்னும் அவர்தான் சொல்லணும். ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு "இதைப் போடுங்க, உடனே கேட்கும்"னு ட்யூப் படத்தை அனுப்பாதீங்க. உடனே கேட்டதுதான் எங்க வீட்டுல ஏழு மாசம் தின்னுச்சு.